ஆட்சியாளருக்குப் பணிதலும் கிளர்ச்சி எனும் பாவமும்

ஆட்சி செய்பவர் தவறு செய்தால் மக்கள் என்ன செய்ய வேண்டும்? பொறுத்துக்கொள்ள வேண்டுமா? மறுத்துப் பேச வேண்டுமா? அல்லது ஆயுதம் எடுத்து அவரை அரியணையிலிருந்து இறக்க வேண்டுமா?

எல்லாச் சமயங்களிலும் எழுந்த கேள்வி இது. கிறிஸ்துவ சமயம் நெடுங்காலமாகச் சொல்லி வந்த பதில், ஆட்சியாளருக்குப் பணிவது கடமை, அவருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்வது பாவம் என்பதாகும். கேட்பதற்கு எளிமையான பதில்தான். ஆனால் பணிவு என்பது எதுவரை? கிளர்ச்சி என்பது எங்கே தொடங்குகிறது? இவ்விரண்டும் விளங்காவிட்டால் அந்தப் போதனையே தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

இதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. கிளர்ச்சி பாவம் என்று வேறு எவரையும்விட உரக்கப் போதித்த திருச்சபை அங்கேதான் இருந்தது. அதே திருச்சபையின் ஏழு பேராயர்கள் 1688-ஆம் ஆண்டில் அரசனின் கட்டளையை மறுத்துச் சிறை சென்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அவர்களில் ஐந்து பேர், தங்களைச் சிறையில் அடைத்த அதே அரசனுக்குச் செய்த சத்தியத்தை மீற மறுத்தார்கள். இது முரண்பாடா? இல்லை. ஏன் இல்லை என்பதைப் பார்ப்போம்.

வேதாகமம் என்ன சொல்கிறது?

இந்தப் போதனைக்கு அடிப்படை, புதிய ஏற்பாட்டில் உள்ள ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம். ஏறத்தாழ கி.பி. 57-இல் பவுல் எழுதிய கடிதம் அது. அதிகாரம் யாவும் கடவுளால் ஏற்படுத்தப்பட்டது. அதனை எதிர்ப்பவர் கடவுளின் ஏற்பாட்டையே எதிர்க்கிறார். தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, மனச்சாட்சியின் பொருட்டும் பணிய வேண்டும். வரியையும் மரியாதையையும் உரியவருக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பேதுருவின் முதல் நிருபமும் இதே கருத்தைக் கூறுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பவுல் இதை எழுதியபோது ரோமாபுரியை ஆண்டவர் நல்லவர் என்று வரலாறு போற்றும் அரசர் அல்லர். அவர் நீரோ. கி.பி. 64-இல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தபின் கிறிஸ்துவர்கள் மீது பழி சுமத்தி அவர்களைக் கொன்றவர் அவர்தான். ஆகவே, நல்ல அரசருக்கு மட்டும் பணிந்தால் போதும் என்ற பொருளில் அது எழுதப்பட்டதாகச் சொல்ல முடியாது என்று பின்னாளில் வந்த போதகர்கள் வாதிட்டார்கள்.

இது ஒரு பக்கம். வேதாகமத்தில் மறுபக்கமும் இருக்கிறது. எபிரேயர்களின் ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்திய அரசன் இட்ட கட்டளையை மருத்துவச்சிகள் நிறைவேற்றவில்லை. பாபிலோன் அரசன் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞர்கள் தீச்சூளையில் போடப்பட்டார்கள். போதிக்கக் கூடாது என்று யூத ஆலோசனைச் சங்கம் தடை விதித்தபோது, மனிதருக்குப் பணிவதைவிடக் கடவுளுக்கே பணிய வேண்டும் என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் பதில் சொன்னார்கள்.

அப்படியென்றால் எது சரி? பணிவதா, மறுப்பதா?

இந்த மூன்று நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. மறுத்தவர்கள் யாரும் வாள் எடுக்கவில்லை. கூட்டம் சேர்த்துக் கோட்டையைத் தாக்கவில்லை. தவறான கட்டளையைச் செய்ய மறுத்தார்கள். விளைவு எதுவானாலும் அதைச் சந்தித்தார்கள். தீச்சூளை காத்திருந்தபோதும் மூன்று இளைஞர்கள் ஓடி ஒளியவில்லை. அப்போஸ்தலர்கள் அடி வாங்கிக்கொண்டு வெளியே வந்து மீண்டும் போதித்தார்கள்.

தாவீதின் கதையும் இதையே காட்டுகிறது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் அரசன் குகைக்குள் தனியாக அகப்பட்டபோது தாவீது அவனைக் கொல்லவில்லை. சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டார். அதற்கும் அவர் மனம் வருந்தினார். அதே வேளையில், சவுலிடம் போய்ச் சரணடைந்து தம்மைக் கொல்லக் கொடுக்கவும் இல்லை.

இவற்றிலிருந்து மூன்று படிகள் வகுக்கப்பட்டன. முதலாவது, ஆட்சியாளரின் நியாயமான கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். இரண்டாவது, கட்டளை கடவுளின் சட்டத்துக்கு எதிரானது என்றால் அதைச் செய்யக் கூடாது. மூன்றாவது, அப்படி மறுப்பதால் வரும் தண்டனையை ஏற்க வேண்டுமே தவிர ஆயுதம் எடுக்கக் கூடாது. இந்த மூன்றாவது எல்லையைத் தாண்டுவதுதான் கிளர்ச்சி எனப்பட்டது. அதுவே பாவம் என்று போதிக்கப்பட்டது.

பிரசங்க மேடையில் ஒலித்த போதனை

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் இந்தப் பாவத்தைப் பற்றி ஒரு நுட்பமான விளக்கம் தந்தார். பொது நன்மையைச் சிதைக்கும் கலகம் பெரும்பாவம் என்று அவர் சொன்னார். ஆனால் பொது நன்மைக்காக ஆளாமல் சொந்த நன்மைக்காக ஆளும் கொடுங்கோலன்தான் உண்மையில் கலகக்காரன். அவனை அகற்றுவது கலகமாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கும் ஒரு நிபந்தனை விதித்தார். அவனை அகற்றுவதால் மக்களுக்கு வரும் தீங்கு அவன் செய்யும் தீங்கைவிட அதிகமாக இருக்கக் கூடாது.

சமயச் சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் லூதர் இதைவிடக் கடுமையாகப் பேசினார். 1525-இல் ஜெர்மன் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை வாளால் அடக்குமாறு பிரபுக்களைத் தூண்டி எழுதினார். குடியானவர்களின் கோரிக்கைகள் சிலவற்றில் நியாயம் இருப்பதை முன்னர் ஒப்புக்கொண்டவரும் அவரேதான். அந்தப் போரில் பல்லாயிரம் ஏழைகள் மாண்டார்கள். பணிவுப் போதனையின் மீது விழுந்த கறைகளில் இது ஒன்று.

இங்கிலாந்தில் இந்தப் போதனை அரசாங்கத்தின் ஏற்பாட்டிலேயே ஊர் ஊராகச் சென்றது. 1569-ஆம் ஆண்டு நவம்பரில் நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து பிரபுக்கள் முதலாம் எலிசபெத் அரசிக்கு எதிராக வடக்கில் கிளர்ச்சி செய்தார்கள். டர்ஹம் பேராலயத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க முறைப்படி பூசை நடத்தினார்கள். கிளர்ச்சி சில வாரங்களில் ஒடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள். 1570 பிப்ரவரியில் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபை நீக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குச் செய்த சத்தியத்திலிருந்து அவர்களை விடுவிப்பதாக அறிவித்தார்.

இதற்குப் பதிலாகத்தான், கீழ்ப்படியாமைக்கும் கிளர்ச்சிக்கும் எதிரான நீண்ட பிரசங்கம் ஒன்று 1570-இல் வெளியிடப்பட்டது. மறு ஆண்டு அது திருச்சபையின் அதிகாரப்பூர்வப் பிரசங்கத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ஆறு பகுதிகளாக வாசிப்பதற்கு ஏற்ப அது அமைக்கப்பட்டிருந்தது. சொந்தமாகப் பிரசங்கம் செய்ய அனுமதி பெறாத குருமார்கள் இத்தகைய பிரசங்கங்களை அப்படியே வாசித்தார்கள்.

அதன் வாதம் என்ன? முதல் கிளர்ச்சிக்காரன், கடவுளை எதிர்த்து வீழ்ந்த லூசிபர். ஆகவே கிளர்ச்சி என்பது மற்றப் பாவங்களைப் போல ஒரு பாவம் மட்டுமன்று. கொலை, கொள்ளை, பொய்ச்சத்தியம் என எல்லாப் பாவங்களும் அதற்குள் அடங்கியுள்ளன. கெட்ட அரசன் வந்தால் அது மக்களின் பாவத்துக்குக் கடவுள் தரும் தண்டனை; மனந்திரும்பி மன்றாடுவதே அதற்கு மருந்து. நோய் தீர வேண்டி நோயாளியே தன் உடம்பை வெட்டிக்கொள்ளலாமா என்பது போன்ற வாதம் இது. அகஸ்து ராயனின் கட்டளைக்கு இணங்கி, நிறைமாதக் கர்ப்பிணியான மரியாள் பெத்லகேமுக்குப் பயணம் செய்ததும் பணிவுக்கு உதாரணமாகக் காட்டப்பட்டது.

பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டு, 1649 ஜனவரி 30-இல் முதலாம் சார்ல்ஸ் அரசரின் தலை வெட்டப்பட்டது. மன்னராட்சி திரும்பிய பிறகு அந்த நாள் உபவாச நாளாக்கப்பட்டு, ஆண்டுதோறும் அன்று கிளர்ச்சியின் பாவம் ஆலயங்களில் பிரசங்கிக்கப்பட்டது. அந்த வழிபாடு 1859-ஆம் ஆண்டு வரை பிரார்த்தனை நூலில் நீடித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கொலைக்களத்தில் ஒரு கேள்வி

1685-இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசரானார். அவர் கத்தோலிக்கர், நாட்டின் திருச்சபையோ புரட்டஸ்டண்டு. அதே ஆண்டில் மறைந்த அரசரின் முறைப்படி பிறக்காத மகன் மான்மவுத், அரியணைக்கு உரிமை கோரிக் கிளர்ச்சி செய்தார். ஜூலை 6-இல் செட்ஜ்மூரில் அவர் படை சிதறியது. ஜூலை 15-இல் அவர் கொலைக்களத்துக்குக் கொண்டுவரப்பட்டார்.

அவருடைய கடைசி நேரத்தில் அவருக்கு அருகில் இருந்த குருமார்களில் ஈலியின் பேராயர் டர்னரும், பாத்-வெல்ஸ் பேராயர் தாமஸ் கென்னும் அடங்குவர். மான்மவுத் புரட்டஸ்டண்டு. அவர் எதிர்த்த அரசரோ கத்தோலிக்கர். ஆயினும் அவர்கள் அவரிடம் வற்புறுத்தியது ஒன்றைத்தான். அரசனை ஆயுதத்தால் எதிர்க்கக் கூடாது என்ற போதனையை ஒப்புக்கொள், கிளர்ச்சியைப் பாவமென்று அறிக்கையிடு என்றார்கள். மான்மவுத் அவர்கள் விரும்பிய விதத்தில் அதைச் சொல்லாமலேயே இறந்தார்.

சாகப் போகிறவனிடம் இத்தனை கடுமை தேவையா என்று இன்று தோன்றலாம். ஆனால் அதே கென், கிளர்ச்சியில் பிடிபட்டுத் தம் மறைமாவட்டத்துச் சிறைகளில் அடைபட்டிருந்த ஏழைகளைத் தேடிச் சென்று உணவும் ஆறுதலும் அளித்தார். அவர்களின் செயலைப் பாவம் என்றார். அவர்களைப் பசியில் விடவில்லை. பாவத்தைக் கண்டிப்பதும் பாவிக்கு இரங்குவதும் அவருக்கு ஒரே கடமையின் இரண்டு பக்கங்களாக இருந்தன.

கென் யாருக்கும் தலையாட்டும் ஆள் அல்லர். 1683-இல் இரண்டாம் சார்ல்ஸ் அரசர் வின்செஸ்டருக்கு வந்தபோது, அரசரின் ஆசைநாயகிக்குத் தம் வீட்டில் இடம் தர மறுத்தவர் அவர். அரசர் கோபிக்கவில்லை, மறு ஆண்டு அவரையே பேராயராக்கினார்.

ஏழு பேராயர்களும் ஒரு மனுவும்

1687-இல் ஜேம்ஸ் அரசர், கத்தோலிக்கருக்கும் திருச்சபைக்கு வெளியே இருந்த பிற கிறிஸ்துவருக்கும் வழிபாட்டுச் சுதந்தரம் அளிக்கும் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். 1688 ஏப்ரலில் அதை மீண்டும் வெளியிட்டு, எல்லா ஆலயங்களிலும் ஆராதனையின்போது வாசிக்குமாறு கட்டளையிட்டார்.

சுதந்தரம் தருவது நல்ல காரியந்தானே என்று கேட்கலாம். இன்றைய வாசகர்களுக்கு அரசரின் பக்கமே நியாயமாகத் தெரியும். தங்கள் திருச்சபையின் தனியுரிமையைக் காக்கும் எண்ணமும் பேராயர்களுக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் முன்வைத்த ஆட்சேபம் வேறு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களை அரசர் தம் விருப்பப்படி நிறுத்தி வைக்க முடியுமா என்பதே அவர்களின் கேள்வி. இன்று இந்தச் சட்டம், நாளை எந்தச் சட்டம்?

மே 18-இல் கேண்டர்பரி தலைமைப் பேராயர் சான்கிராஃப்ட் தலைமையில் ஏழு பேராயர்கள் ஒரு மனுவில் கையொப்பமிட்டார்கள். டர்னர், கென், லேக், ஒயிட், லாயிட், டிரெலானி ஆகியோர் மற்ற அறுவர். பிரகடனத்தை வாசிக்குமாறு தங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டார்கள். மனுவைப் படித்த அரசர் கொதித்தார். இது கிளர்ச்சிக்கு ஏற்றப்படும் கொடி என்றார். கிளர்ச்சி பாவம் என்று வாழ்நாள் முழுவதும் போதித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அவர்கள் முழங்காலில் நின்றபடியே அதை மறுத்தார்கள். மனுவை மட்டும் திரும்பப் பெறவில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. லண்டன் மாநகரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலயங்களில்தான் பிரகடனம் வாசிக்கப்பட்டது.

ஜூன் 8-இல் ஏழு பேரும் லண்டன் கோபுரச் சிறைக்குப் படகில் கொண்டுசெல்லப்பட்டார்கள். தேம்ஸ் நதியின் கரைகளில் மக்கள் மண்டியிட்டு ஆசி கேட்டார்கள். காவல் காத்த சிப்பாய்களும் கேட்டார்கள். பேராயர்களோ, அரசரை மதியுங்கள் என்றே மக்களுக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தை ஒரு வார்த்தையால் தூண்டிவிட்டிருக்க முடியும். அதைச் செய்யவில்லை.

ஜூன் 29-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வழக்கு நடந்தது. அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் அவதூறு எழுதினார்கள் என்பது குற்றச்சாட்டு. நான்கு நீதிபதிகளில் இருவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்றார்கள். நடுவர் குழு இரவு முழுவதும் விவாதித்தது. அரண்மனைக்கு மதுபானம் காய்ச்சிக் கொடுத்த ஒருவரே விடியும்வரை இணங்காமல் இருந்தார் என்று சொல்லப்படுகிறது. மறுநாள் காலை, குற்றவாளிகள் அல்லர் என்ற தீர்ப்பு வந்தது. ஹவுன்ஸ்லோ பாசறையில் இருந்த அரசரின் சொந்தப் படையினரே ஆரவாரம் செய்தார்கள்.

சத்தியத்தின் விலை

கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை மட்டுமே. உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

தீர்ப்பு வந்த அதே ஜூன் 30-இல், ஏழு முக்கியப் பிரமுகர்கள் ஹாலந்திலிருந்த இளவரசர் வில்லியத்தைப் படையோடு வருமாறு அழைத்துக் கடிதம் அனுப்பினார்கள். அவர்களில் லண்டன் பேராயர் காம்ப்டனும் ஒருவர். நவம்பர் 5-இல் வில்லியம் டார்பேயில் கரையிறங்கினார். டிசம்பரில் ஜேம்ஸ் பிரான்சுக்குத் தப்பினார். 1689 பிப்ரவரியில் வில்லியமும், ஜேம்சின் மகளான அவர் மனைவி மேரியும் அரியணை ஏறினார்கள். புதிய அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகக் குருமார்கள் எல்லாரும் சத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது.

சான்கிராஃப்ட் மறுத்தார். முடிசூட்டும் உரிமை அவருடையது. அதையும் அவர் செய்யவில்லை. காம்ப்டன்தான் முடிசூட்டினார். டர்னர், கென், ஒயிட், லேக் ஆகியோரும் சத்தியம் செய்ய மறுத்தார்கள். தங்களைச் சிறையில் தள்ளிய அரசருக்காகவா? ஆம். ஜேம்ஸ் உயிரோடு இருக்கும்வரை அவருக்குச் செய்த சத்தியம் தங்களைக் கட்டுப்படுத்தும் என்றார்கள். அவருடைய தவறான கட்டளையைச் செய்ய மறுக்கலாம். அவரையே மறுக்க முடியாது என்பது அவர்கள் நிலை. லாயிடும் டிரெலானியும் புதிய சத்தியத்தைச் செய்தார்கள்.

லேக் 1689 ஆகஸ்டில் மரணப் படுக்கையில் இருந்தபடி தம் போதனையை மீண்டும் உறுதிப்படுத்திவிட்டு இறந்தார். மற்றவர்கள் 1690 பிப்ரவரியில் பதவி இழந்தார்கள். அவர்களோடு ஏறத்தாழ 400 குருமார்களும் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். சான்கிராஃப்ட் தாம் பிறந்த ஃப்ரெஸிங்ஃபீல்டு கிராமத்துக்குத் திரும்பி 1693-இல் மறைந்தார். கென் நண்பர் ஒருவரின் ஆதரவில் லாங்லீட் மாளிகையில் வாழ்ந்து 1711-இல் காலமானார். உலகெங்கும் பல ஆலயங்களில் இன்றும் பாடப்படும் திரியேக தோத்திரப் பாடல் அவர் இயற்றியதே.

அவர்கள் எல்லாரும் எல்லையைக் காத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. நாடு கடந்த ஜேம்சுக்கு இரகசியக் கடிதம் எழுதிச் சதியில் கலந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு டர்னர் தலைமறைவானார். மான்மவுத்திடம் கிளர்ச்சியின் பாவத்தை அறிக்கையிடச் சொன்ன அதே டர்னர்தான் அவர்.

அதிகாரம் எது?

மறுபக்கத்தாரின் வாதத்தையும் கேட்க வேண்டும். வில்லியம் ஷெர்லாக் என்ற குருவானவர் முதலில் சத்தியம் செய்ய மறுத்தார். பிறகு மனம் மாறிச் சத்தியம் செய்து, 1691-இல் தம் காரணத்தை நூலாக எழுதினார். அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது என்றால், உறுதியாக நிலைபெற்றுவிட்ட புதிய ஆட்சியும் கடவுள் அனுமதித்ததே. ஆகவே அதற்கும் பணிய வேண்டும் என்றார். அதே ஆண்டில் அவருக்கு உயர்ந்த பதவி கிடைத்ததால் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். ஆனால் ஏளனம் வாதத்துக்குப் பதிலாகாது. ஒரே அதிகாரத்தைப் படித்து ஒருவர் பழைய அரசருக்கும் மற்றவர் புதிய அரசருக்கும் பணிந்தார் என்பதே உண்மை.

அதே காலத்தில் ஜான் லாக் வேறொரு வழியைக் காட்டினார். ஆட்சி என்பது மக்களின் சம்மதத்தால் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அந்த நம்பிக்கையை உடைக்கும் அரசனே முதலில் கிளர்ச்சி செய்கிறான் என்றார். அக்குவினாஸ் சொன்னதன் எதிரொலியை இதில் கேட்கலாம்.

பிற்காலத்தில் இந்தப் போதனையை அரசாங்கங்கள் தங்கள் வசதிக்குப் பயன்படுத்தியதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை ஆதரித்தவர்கள் ரோமர் 13-ஆம் அதிகாரத்தையே காட்டினார்கள். 1985-இல் அங்குள்ள கிறிஸ்துவ இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் அதை வெளிப்படையாகக் கண்டித்தது. ஜெர்மனியில் ஹிட்லருக்கு எதிரான சதியில் தொடர்புகொண்ட போதகர் போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9-இல் தூக்கிலிடப்பட்டார். தாம் செய்வதில் குற்றமே இல்லை என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்தே செயல்பட்டார்.

அறிந்துகொள்ள வேண்டியது

ஆக, பணிவு என்பது சொன்னதையெல்லாம் செய்வதன்று. மறுப்பு என்பதெல்லாம் கிளர்ச்சியுமன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகலான பாதை உண்டு. அதில் நடப்பவரை அரசர் கலகக்காரர் என்பார்; கலகக்காரர்கள் கோழை என்பார்கள். ஏழு பேராயர்கள் 1688 கோடையில் அந்தப் பாதையில்தான் நடந்தார்கள்.

ஒருவருடைய பணிவு உண்மையானதா என்பதை எப்படி அறிவது? அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் போதும். பதவியும் பரிசும் கிடைக்கும் இடத்தில் பணிவது யாருக்கும் எளிது. முதலில் ஓர் அரசரின் கட்டளையை மறுத்துச் சுதந்தரத்தையும், பிறகு அவருக்குக் கொடுத்த வாக்கைக் காத்துப் பதவியையும் இழந்தார் சான்கிராஃப்ட். இரண்டு முறையும் இழந்தது அவர்தான். வேறொருவரின் இரத்தம் அதற்காகச் சிந்தப்படவில்லை. அவருடைய முடிவு சரியா, ஷெர்லாக்கின் முடிவு சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் தம் மனச்சாட்சியின் விலையைப் பிறர் தலையில் சுமத்தாமல் தாமே செலுத்தியவர் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.